புளிய மரத்தில் ஏற எறிகொக்கியும் கயிறும் போதுமா?

கேள்வி
எழுதியவர்: புளியந்தோப்பு (நத்தம்)

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு புளியந்தோப்பு இருக்கிறது. எல்லாம் தாத்தா காலத்து மரங்கள். பெரும்பாலானவை 50 அடிக்கு மேல் உயர்ந்தவை. அடிமரத்தை இரண்டு பேர் கைகோத்தால்தான் வளைத்துப் பிடிக்க முடியும். முதல் கவையே 15 அடிக்கு மேல்தான் பிரிகிறது. மாசி, பங்குனியில் பழம் உலுக்க வழக்கமாக வந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை. வர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. தொரட்டிக்கு எட்டிய பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மேல் கிளைகளில் உள்ளதை அப்படியே விட்டுவிடும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

எனக்கு வயது 40, எடை 80 கிலோ. சிறு வயதில் மரம் ஏறிய பழக்கம் உண்டு. இணையக் கடையில் நான்கு நகங்கள் கொண்ட, மடக்கக்கூடிய எஃகு எறிகொக்கி ஒன்றைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியின் அமைப்புதான், கொஞ்சம் பெரியது. அதைக் கயிற்றில் கட்டி மேல் கிளையில் வீசி மாட்டி, கயிற்றில் இடைவெளி விட்டு முடிச்சுகள் போட்டு, அவற்றைப் பிடித்து ஏறுவதாகக் காணொளிகளில் காட்டுகிறார்கள். பல நூறு கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். கொக்கியை இன்னும் மரத்தில் வீசவில்லை.

இந்தக் கொக்கியை நம்பி ஏறலாமா, கயிறு எத்தகையதாக இருக்க வேண்டும், கட்டட வேலைக்காரர்கள் அணியும் பாதுகாப்புப் பட்டை போதுமா, கிளையில் நின்று உலுக்கும்போது எதை எதில் கட்டிக்கொள்வது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி
எழுதியவர்: கிளைவழி (சிங்கப்பூர்)

வணக்கம் ஐயா. என் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். இப்போது சிங்கப்பூரில் சாலையோர மரங்களில் ஏறிக் கவாத்து செய்யும் தொழிலில் இருக்கிறேன். வீசுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. எறிகொக்கியில் உங்கள் உடல் எடையை வைத்து ஏற வேண்டாம். கொக்கி தரமானதாக இருந்தாலும் என் பதில் இதுதான்.

காரணத்தைப் பாதாளக் கரண்டியிலிருந்தே சொல்லிவிடலாம். கிணற்றில் இழுவை எப்போதும் நேர்க்கோட்டில் இருக்கும். வாளி நழுவினால் மறுபடியும் துழாவிக்கொள்ளலாம். மரத்தில் ஏறுகிறவரின் பாரம் அப்படி ஒரே சீராக நிற்பதில்லை. கை மாற்றிப் பிடிக்கும்போதும், அடிமரத்தில் காலை ஊன்றும்போதும் கயிறு ஒரு கணம் தளர்ந்து அடுத்த கணம் இறுகுகிறது. உடல் பக்கவாட்டில் ஆடுகிறது. தளரும் கணத்தில் நகம் கிளையை விட்டு எழும்பலாம், ஆட்டத்தில் அப்படியே திரும்பிக்கொள்ளலாம். மேலும், நகம் கிளையை முழுவதுமாகக் கவ்வியிருக்கிறதா, நுனி மட்டும் பட்டையில் குத்திக்கொண்டிருக்கிறதா, பட்டுப்போன குச்சி ஒன்றில் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை 40 அடிக்குக் கீழே நிற்பவரால் உறுதியாகச் சொல்லவே முடியாது. அட்டையில் அச்சிட்டிருக்கும் அளவு, கொக்கியின் வளைவில் பாரம் ஒழுங்காக அமர்ந்திருக்கும்போது கிடைக்கும் வலிமை. அதே பாரம் நகத்தின் நுனியில் விழுந்தால், மிகக் குறைந்த சுமையிலேயே நகம் நிமிர்ந்துவிடும். கொக்கி கழன்றால் நீங்கள் மட்டும் விழுவதில்லை, அதுவும் உங்கள் பின்னாலேயே வரும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இரும்பு தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

முடிச்சுப் போட்ட கயிற்றில் இன்னொரு கேடும் உண்டு. கை சோர்ந்துவிட்டால் அதில் ஓய்வெடுக்க வழியில்லை. ஏறுவதற்கு மட்டும் பலத்தைக் கணக்கிட்டு மேலே போனவர்கள் இறங்கும்போதுதான் விழுகிறார்கள்.

தொழிலில் கயிற்றை மேலே ஏற்றுவதற்கு நாங்கள் எறிபையைப் பயன்படுத்துகிறோம். ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பை அது; எடை 225 கிராமிலிருந்து 450 கிராம் வரை இருக்கும். அதனுடன் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான எறிநூலைக் கட்டுவோம். பையை இரண்டு கால்களுக்கிடையே ஊஞ்சலாட்டி, தேர்ந்தெடுத்த கவையின் மேலாக வீசினால், அது தன் எடையாலேயே மறுபக்கம் இறங்கி வந்துவிடும். நூலின் ஒரு முனையில் ஏறுகயிற்றைக் கட்டி மறுமுனையை இழுத்தால், கயிறு கவையைத் தாண்டிக் கீழே வந்து சேரும். இப்போது கயிற்றின் இரு முனைகளும் உங்கள் கையில் இருக்கின்றன. பாரம் முழுவதும் உயிருள்ள மரத்தின்மேல் அமர்கிறது. கயிறு தளர்ந்தாலும், எந்தப் பக்கம் ஆடினாலும் கழன்று வர இடமில்லை. நூலைத் தரையில் குவித்து வைத்தால் சருகிலும் முள்ளிலும் சிக்கும். ஒரு சாக்கை விரித்து அதன்மேல் தளர்வாக விழவிட்டால் வீச்சு தடைபடாது. பை கிளையில் மாட்டிக்கொண்டால் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு வெட்டி இழுக்காதீர்கள். விடுபடும் பை நேராக முகத்துக்கே வரும்.

எந்தக் கவையைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் மரம் தெரிந்தவரின் கண் வேண்டும். உயிருள்ள கிளையாக, அடிமரத்தோடு சேருமிடத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமன் உள்ளதாக, பொருத்து அகன்று ஆங்கிலத்தின் ‘யு’ எழுத்தைப் போல விரிந்ததாக இருக்க வேண்டும். இரண்டு கிளைகள் குறுகி நெருக்கமாகப் பிரிந்து, இடையில் பட்டை உள்ளே மடிந்து புதைந்திருந்தால் அந்தப் பொருத்து வெளித்தோற்றத்துக்குத் தடித்திருந்தாலும் பிளக்கக்கூடியது. புல்லுருவி படர்ந்த கிளை, பொந்து விழுந்த கிளை, அடியில் காளான் தட்டுத் தட்டாகப் புடைத்திருக்கும் மரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். புளிய மரம் என்பதால் உங்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. புளியங்கொம்பு என்று நம் வழக்கில் சொல்வது காரணத்தோடுதான். ஆனால் அந்தப் பெயர் பச்சைக் கொம்புக்கே பொருந்தும், பட்ட கொம்புக்குப் பொருந்தாது. கயிறு ஏறியதும், நீங்கள் ஏறும் முன் இரண்டு பேர் சேர்ந்து அதில் தொங்கி, தரையிலிருந்து ஓர் அடி மட்டும் கால் எழும்பும்படி மெதுவாக அழுத்திப் பாருங்கள். அப்போது மேலே சத்தம் கேட்டால் வேறு கவைக்கு மாற்றுங்கள்.

ஏறும் முறையில் புதியவருக்கு நான் பரிந்துரைப்பது ஓடுகயிற்று முறை. கயிற்றின் ஒரு முனையை உங்கள் இடுப்புப் பட்டையின் முன்வளையத்தில் கட்டிக்கொண்டு, அந்த முனையில் விட்டுவைத்த வாலால் எதிர்ப்பக்கக் கயிற்றின்மேல் ஓர் உராய்வு முடிச்சைப் போடுகிறோம். பிளேக் முடிச்சு இதற்கு ஏற்றது. தனி உபகரணம் எதுவும் தேவையில்லை. 1994இல் ஜேசன் பிளேக் என்பவர் மரவேலை இதழ் ஒன்றில் எழுதியதிலிருந்து இது எங்கள் தொழிலில் பரவியது. ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் புரோகாஸ்கா அதற்கு முன்பே இதே முடிச்சைப் பதிவு செய்திருக்கிறார். உட்கார்ந்தால் முடிச்சு கயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். கையால் மெல்லக் கீழ்நோக்கித் தள்ளினால் இறங்கலாம். எந்த உயரத்திலும் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்க முடியும். 15 மீட்டர் உயரக் கவைக்கு மடிப்புக் கயிறு 30 மீட்டர், வாலுக்கும் முடிச்சுக்குமாக மேலும் சில மீட்டர். ஆகவே 40 முதல் 45 மீட்டர் கயிறு வாங்குங்கள். ஓடும் கயிறு மரப்பட்டையை அறுக்கும், மரப்பட்டையும் கயிற்றைத் தேய்க்கும். இரு முனைகளிலும் வளையம் வைத்த தோல் அல்லது நாடாப் பட்டை ஒன்றைக் கவையில் ஏற்றி, அதன் வழியாகக் கயிற்றை ஓடவிட்டால் இரண்டும் பிழைக்கும்.

கட்டட வேலைப் பட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள நல்ல பட்டையாக இருந்தாலும், அதில் கயிறு மாட்டும் வளையம் பெரும்பாலும் முதுகில் இருக்கும். விழுபவரைத் தாங்குவதற்கென்று செய்தது அது. அதில் தொங்கியபடி வேலை செய்ய முடியாது, முன்பக்கம் முடிச்சைக் கையாளவும் முடியாது. மரத்துக்குத் தேவைப்படுவது தொடைகளையும் இடுப்பையும் தாங்கி, முன்புறத்தில் ஒரு வளையமும் இடுப்பின் இரு பக்கங்களில் ஒவ்வொரு வளையமும் கொண்ட பட்டை. பக்க வளையங்கள் இரண்டையும் இணைக்கும் குறுங்கயிறு ஒன்றும் வேண்டும். வேலை செய்யும் இடத்தை அடைந்ததும் அதைத் தடித்த கிளையைச் சுற்றிப் போட்டுக்கொண்டால், ஏறுகயிறு ஒரு பிடி, குறுங்கயிறு இன்னொரு பிடி என்று இரண்டு பிடிகள் இருக்கும். மேலே அரிவாள் கொண்டு போவதாக இருந்தால் இந்த இரண்டாவது பிடியில் எந்தத் தளர்வும் காட்டக்கூடாது. பாரம் ஏறி விறைத்து நிற்கும் கயிற்றில் கூரிய அலகு லேசாகப் பட்டாலே போதும், நொடியில் அறுந்துவிடும். தரையில் கிடக்கும் கயிற்றை அறுத்துப் பார்த்த அனுபவத்தை வைத்து இதை மதிப்பிட முடியாது.

தோப்பின் ஓரமாக மின்கம்பி போனால் அந்த மரங்களில் நூலை வீசவே வேண்டாம். கம்பியிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே உங்கள் உடல், கயிறு, தொரட்டி எல்லாம் இருக்க வேண்டும். ஈர நூல் மின்சாரத்தைக் கடத்தும்.


மறுமொழி
எழுதியவர்: கருப்பட்டி (சாயல்குடி)

வணக்கம் அண்ணாச்சி. எங்கள் குடும்பம் பனையேறும் குடும்பம், நானும் ஏறுகிறவன்தான். சிங்கப்பூர்த் தம்பி சொன்ன கயிற்று முறையை நான் செய்ததில்லை. ஆனால் மரத்தைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பனைக்கு நாங்கள் காலில் தளைநார் போட்டு, அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டி ஏறுகிறோம். கிளையில்லாத, ஒரே தடிமனில் போகும் மரத்துக்கு ஏற்பட்ட முறை அது. இருவர் கட்டிப்பிடிக்கும் புளியில் தளைநார் பயன்படாது. தென்னை ஏறும் இயந்திரமும் அப்படித்தான். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் அந்த இயந்திரத்தில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. நல்ல பயிற்சி, எங்கள் ஊர்ப் பக்கமும் அதைக் கற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிளை பிரிந்த மரத்தில் அந்த இயந்திரம் முதல் கவையோடு நின்றுவிடும். யாராவது அதை வாங்கச் சொன்னால் புளிக்காக வாங்காதீர்கள்.

கயிற்றைக் கற்றுக்கொண்ட பிறகு வேறு மரங்களிலும் ஏறலாம் என்ற எண்ணம் வரும். முருங்கையில் எவரும் ஏறமாட்டார்கள், அது உங்களுக்கே தெரியும். நாவல் மரம்தான் ஏமாற்றும். பார்க்கத் தடித்த கிளையாக இருக்கும், வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று முறியும். இலவ மரமும் அப்படியே. வேம்பு, புளி இரண்டும் வளைந்து முனகும். இறங்க அவகாசம் தரும்.

ஏறும் நாளுக்கு முந்தின நாள் மாலையில் மரத்தைச் சுற்றிவந்து அண்ணாந்து பார்த்துவிடுங்கள். தேனடையும் கதண்டுக் கூடும் இலை மறைவில் இருக்கும். காலையில் வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. சாயங்கால வெயில் சரிந்து விழும்போது பூச்சிகள் போய்வருவது பளிச்சென்று தெரியும். கூடு இருந்தால் அந்த மரத்தை அந்தப் பருவத்துக்கு விட்டுவிடுங்கள். முசுறு எறும்பு இருக்கிற மரத்தில் கை வைத்தால் பிடியை விட்டுவிடத் தோன்றும். மழை பெய்த மறுநாளும், பனி இறங்கிய காலையிலும் வெயில் ஏறும் வரை பொறுத்திருங்கள். கை ஈரமாக இருக்கும்போது மரத்தைத் தொடாதே என்று என் தகப்பனார் சொல்லுவார். காலுக்கும் அது பொருந்தும்.

உலுக்க வந்துகொண்டிருந்த பெரியவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களால் ஏற முடியாவிட்டாலும், எந்த மரத்தில் எந்தக் கிளை எந்தக் காற்றில் விரிசல் விட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் கூலியைக் கொடுத்துத் தோப்பைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.


மறுமொழி
எழுதியவர்: புளியந்தோப்பு (நத்தம்)

இருவருக்கும் மிக்க நன்றி. கொக்கியில் ஏறும் எண்ணத்தைக் கைவிட்டேன். பெரியவர் ஒருவரை இந்த வாரமே அழைத்துத் தோப்பைச் சுற்றிவரப் போகிறேன்.

இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. வன்பொருள் கடையில் தடித்த நைலான் கயிறு மலிவாகக் கிடைக்கிறது. மாட்டு வண்டியும் டிராக்டரும் இழுக்கப் பயன்படுவதால் மனிதரைத் தாங்காதா என்று கடைக்காரர் கேட்கிறார். அடுத்து, கீழே துணைக்கு நிற்பவர் என் மைத்துனர்; அவருக்கு மரம் ஏறத் தெரியாது. மேலே எனக்கு ஏதாவது ஆனால் அவர் என்ன செய்ய முடியும்?


மறுமொழி
எழுதியவர்: மேல்விதானம் (திருநெல்வேலி)

வணக்கம் ஐயா. காட்டு மரங்களின் உச்சியில் பூக்களையும் அவற்றுக்கு வரும் பூச்சிகளையும் கவனிக்கும் ஆய்வுக்காகக் கயிற்றில் ஏறக் கற்றுக்கொண்டவள் நான். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் கக்காச்சி பகுதியின் மழைக்காட்டு மரங்களை ஆராய்ந்தவர்கள் இத்தகைய கயிற்று முறையில்தான் உச்சிக்குப் போனார்கள். அந்த மரபில் பயின்றவர்களிடம் நானும் கற்றேன். உங்கள் இரண்டு ஐயங்களும் உயிரோடு தொடர்புடையவை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நைலான் கயிறு என்ற பெயரில் கடைகளில் விற்கும் பச்சை, நீலம், மஞ்சள் நிறக் கயிறுகளில் பல உண்மையில் பாலிபுரோப்பிலின் கயிறுகள். வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு, காற்றுக் குமிழ் வெளியேறும்படி பிழிந்துவிடுங்கள். மிதந்தால் அது பாலிபுரோப்பிலின் அல்லது பாலியெத்திலீன். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மிதக்கும் கயிறு வெயிலில் விரைவில் நலிந்து பொடியத் தொடங்கும். அதைவிட முக்கியமானது வெப்பம். பாலிபுரோப்பிலின் ஏறத்தாழ 160 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கும். உராய்வு முடிச்சில் இறங்கும்போது கயிறு கயிற்றின்மேல் தேய்வதால், சற்று வேகமாக இறங்கினாலே அந்த இடம் சூடேறிப் பளபளப்பாகி இறுகிவிடும், அல்லது உருகிவிடும். வண்டி இழுக்கும் கயிற்றுக்கு இந்த நிலை ஏற்படுவதில்லை. ஆகவே டிராக்டரைத் தாங்குகிறது என்பது மரம் ஏறுவதற்குச் சான்றாகாது.

வாங்க வேண்டியது உள்ளே நாரிழைகளும் வெளியே பின்னிய உறையும் கொண்ட, அதிகம் நீளாத கயிறு. தடிமன் 11 முதல் 13 மில்லிமீட்டர். இ.என். 1891 ‘ஏ’ வகை என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருந்தால், புதிய கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது 2,200 கிலோவுக்கு மேற்பட்ட நிலைச்சுமையைத் தாங்கியதாகப் பொருள். 80 கிலோ மனிதருக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பழமை, தேய்மானம், திடீர் அதிர்வு ஆகியவை மேலும் குறைக்கும். எந்தக் கயிற்றிலும் அதன் வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் ஏற்றுவதில்லை என்பது எங்கள் வழக்கம். இந்தக் கயிறு நீளாது என்பதால் விழுபவரை இதமாக நிறுத்தவும் செய்யாது. ஆகவே உங்களுக்கும் கவைக்கும் இடையே கயிறு ஒருபோதும் தளர்ந்து தொங்கக்கூடாது, கவைக்கு மேலே ஏறி நிற்கவும் கூடாது. காரபினர்கள், அதாவது கயிற்றையும் பட்டையையும் இணைக்கும் திறந்து மூடும் உலோக வளையங்கள் வாங்கினால், மூன்று அசைவுகளில் திறந்து தானே பூட்டிக்கொள்ளும் வகையை வாங்குங்கள். சாவிக்கொத்துக்கு விற்கும் அலங்காரக் காரபினர்கள் அச்சு அசல் அதே தோற்றத்தில் கடையில் தொங்கும். அவற்றில் வலிமை எண் பொறிக்கப்பட்டிருக்காது.

துணையாளர் விஷயத்தில் சிங்கப்பூர் நண்பரிடமிருந்து சற்று மாறுபடுகிறேன். மீட்புக்கு வேறு ஏறுபவர் இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு, நிலைக்கயிற்று முறையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கயிற்றின் ஒரு பக்கத்தை அடிமரத்தில் கட்டிவிட்டு, கவையைத் தாண்டி இறங்கும் மறுபக்கத்தில் மட்டும் ஏறும் முறை அது. அடிமரத்தில் சாதாரண முடிச்சுக்குப் பதிலாக எட்டு வடிவ இறக்கி (கயிற்றை உராய்வால் மெல்ல விடும் உலோகக் கருவி) ஒன்றை வைத்துப் பூட்டி, மரத்தின் உயரத்துக்கு ஈடான மிச்சக் கயிற்றை அங்கே சுருட்டி வைத்திருந்தால், மேலே இருப்பவர் மயங்கிப்போனாலும் கீழே நிற்பவர் பூட்டை விடுவித்துக் கயிற்றை மெல்ல மெல்ல விட்டு அவரைத் தரைக்கு இறக்கிவிடலாம். உங்கள் மைத்துனர் மரம் ஏறத் தெரியாதவராக இருந்தாலும் இதைக் கற்றுக்கொள்ள முடியும். முதலில் 80 கிலோ மணல் மூட்டை ஒன்றைத் தூக்கி இறக்கிப் பழகட்டும். இடுப்புப் பட்டையில் அசைவின்றித் தொங்கும் ஒருவருக்குக் கால்களில் இரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே ஆபத்து ஏற்படலாம். நத்தத்திலிருந்து தீயணைப்பு வண்டி வரும் வரை காத்திருக்கும் நேரம் அப்போது இருக்காது.

இந்த முறையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கயிற்றின் இரு பக்கமும் கீழ்நோக்கி இழுப்பதால், கவையின்மேல் விழும் பாரம் உங்கள் எடையைப் போல ஏறத்தாழ இருமடங்காகும். 80 கிலோ மனிதருக்குக் கவை 160 கிலோவைச் சுமக்கிறது. கவையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கை மறக்கக்கூடாது. எந்த முறையானாலும், தலைக்கவசத்தின் தாடைப்பட்டையை மாட்டிக்கொண்டு, தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குள்ளேயே ஏறி இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடும் அளவுக்குப் பழகிய பிறகு மேலே போங்கள்.


மறுமொழி
எழுதியவர்: கிளைவழி (சிங்கப்பூர்)

அம்மையார் சொன்ன இறக்கும் அமைப்பை நான் மறுக்கவில்லை. துணைக்கு ஏறுபவர் இல்லாத இடத்தில் அது ஓடுகயிற்றைவிடப் பாதுகாப்பானது என்றே நானும் கருதுகிறேன். கிளைகளுக்கிடையே அங்குமிங்கும் நகர்ந்து வேலை செய்ய ஓடுகயிறு எளிது என்பதால் அதைச் சொன்னேன். இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். மேலே போகவும் மீட்புக்கும் நிலைக்கயிறு மரத்திலேயே இருக்கட்டும். மேலே போனபின் வேலைக்குத் தனியாக ஓர் ஓடுகயிற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடிமரத்தில் கட்டிய கயிற்றின் அருகே எவரும் அரிவாளோடு போகக்கூடாது. அந்தக் கட்டை யாராவது தெரியாமல் அவிழ்த்தாலோ வெட்டினாலோ மேலே இருப்பவர் விழுவார். அடியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி, பழம் பொறுக்க வருபவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

நீங்கள் முதலில் கேட்டதில் கிளையில் நின்று உலுக்குவது மட்டும் பாக்கி இருக்கிறது. உங்கள் ஏறுகயிறு கிடக்கும் கிளையை ஒருபோதும் உலுக்காதீர்கள். உலுக்கும் கிளை வேறு, உங்களைத் தாங்கும் கவை வேறு. நடுமரத்தை ஒட்டிய கவையில் கயிற்றைப் போட்டு, குறுங்கயிற்றையும் நடுமரத்தில் சுற்றிக்கொண்டு, உட்கார்ந்த நிலையில் பக்கத்துக் கிளையைக் காலால் மிதித்து உலுக்குங்கள். கிளையின் நுனிப் பக்கம் நடந்து போய் உலுக்கும் பழைய முறையில், கயிறு இருந்தாலும் ஆபத்து குறையாது. நடுமரத்திலிருந்து வெகுதூரம் போனபின் கால் தவறினால், கயிறு உங்களைக் கீழே விழவிடாமல் பிடித்து, அதே வேகத்தில் நடுமரத்தின்மேல் கொண்டுபோய் மோதிவிடும்.

உங்கள் எறிகொக்கிக்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் தொழிலிலும் எறிகொக்கி உண்டு. ஏறுகயிற்றில் ஏற்கெனவே பத்திரமாக உட்கார்ந்திருப்பவர், பக்கத்துக் கொம்பின் பக்கம் தம்மை இழுத்துக்கொள்ள மட்டும் அதை வீசுவார். கொக்கி கழன்றால் அவர் தம் கயிற்றின் நேர்க்கீழ் இடத்துக்குத் திரும்புவார், அவ்வளவுதான். உங்களுக்கு அதுகூடத் தேவைப்படாது. நுனிக் கிளைகளை உலுக்கத் தரையிலிருந்தே வழி செய்துகொள்ளலாம். எறிபையால் நூலைக் கிளையின் நடுப்பகுதிக்கு மேலாகப் போட்டு, அதன்மூலம் மலிவான கடைக் கயிற்றை மேலே ஏற்றி, இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் விட்டுவிட்டு இழுத்தால் கிளை நன்றாகக் குலுங்கும். உயிர்ப்பாரம் இல்லாததால் இதற்கு அந்த நைலான் கயிறே போதும். கொக்கியை மாட்டி இழுப்பதாக இருந்தால் கிளைக்கு நேர்க்கீழே நிற்காமல் கயிற்றின் நீளத்தைப் பயன்படுத்தித் தள்ளி நில்லுங்கள், தலைக்கவசம் அணியுங்கள், நகங்களின்மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள்; பட்டை கிழியாது. கோலால் அடித்து உதிர்ப்பதைவிட உலுக்குவது மரத்துக்கும் நல்லது, தளிரும் அடுத்த பருவத்துப் பூவும் அடிபடாது.

இப்படித் தரையிலிருந்து உலுக்கினாலே உங்கள் தோப்பில் எத்தனை மரங்களுக்கு மேலே ஏற வேண்டிய தேவை மிச்சமிருக்கும் என்பதைப் பெரியவரோடு சுற்றிவரும்போது கணக்கிட்டுப் பாருங்கள். மிச்சமிருக்கும் மரங்களின் கவைகளைக் கீழிருந்து படமெடுத்து இங்கே போட்டால், கயிறு எதில் போடலாம், எதில் கூடாது என்று நாங்கள் இருவரும் பார்த்துச் சொல்கிறோம்.